விமானத்தை அறுப்போம், வாருங்கள்!



தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம்! மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானத்தை யாரும் அறுக்கச் சொல்லவில்லை. நான் சொல்வது அரை முழத்துக்குச் சற்றே கூடுதலான பிளாஸ்டிக் விமானத்தை. ஸ்கேல் மாடல் என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதைத்தான். பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டி அலமாரியில் வைப்பது ஒரு வகை. அதையே அளந்து, அறுத்து, நீட்டியோ குறுக்கியோ அதே குடும்பத்தின் வேறொரு விமானமாக மாற்றுவது இன்னொரு வகை. இதை 'கன்வர்ஷன்' என்கிறார்கள். பட்டயப் படிப்புப் படிக்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இந்த இரண்டாவது வேலையைச் செய்து பார்க்க வேண்டும். நம் ஒர்க் ஷாப்பில் அதற்கென்று ஒரு மேசை வேண்டும். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் பரவாயில்லை, கேன்டீனில் சண்டை போட்டுக்கொள்ளலாம்!

பெட்டிக்குள் என்ன?

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், ரஷ்யாவின் ஸ்வெஸ்தா, அமெரிக்காவின் மினிகிராஃப்ட், அப்புறம் ரெவல்... பயணிகள் ஜெட் விமானங்களை இவர்கள் பெரும்பாலும் 1:144 அளவில் செய்கிறார்கள். ஜப்பானின் ஹசெகாவா மட்டும் 1:200 என்று தனி வழியில் போகிறது. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் காய் காய்த்தது போல உறுப்புகள் தொங்கும். உடல் இரண்டு பாதி, சிறகுகள், வால், இன்ஜின், சக்கரங்கள். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீகால் தாள் ஒன்று. செய்முறைத் தாள் ஒன்று. அவ்வளவுதான்.

அது என்ன 144? முதலாண்டு இன்ஜினியரிங் டிராயிங்கில் ஆர்.எஃப். என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 12 அடியை 1 அங்குலமாகச் சுருக்கினால் 1:144. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்தவர்கள் நாம். விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னியர் காலிப்பரால் அளக்கும்போதுதான் ஸ்கேல் என்றால் என்ன என்று உறைக்கிறது.

பிளாஸ்டிக் என்பது இங்கே பாலிஸ்டைரீன். இதை ஒட்டும் திரவம் ஃபெவிகால் மாதிரி நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. பிளம்பர் பி.வி.சி. பைப்பை சால்வென்ட் போட்டு இணைக்கிறாரே, அதே தத்துவம். ஒரு வகையில் வெல்டிங் என்றே சொல்லலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நெடி பொல்லாதது.

கம்பெனிக்காரனே செய்வது இதுதான்!

விமானக் கம்பெனிகள் ஒவ்வொரு தடவையும் புது விமானத்தை முதலிலிருந்து வரைவதில்லை. ஓடுகிற விமானம் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், குறுக்குவார்கள், இன்ஜினை மாற்றுவார்கள். ஏர்பஸ் ஏ-320 முதலில் பறந்தது 1987 பிப்ரவரியில். அதை நீட்டி ஏ-321, 1993-ல் பறந்தது. குறுக்கி ஏ-319, 1995-ல். இன்னும் குறுக்கி ஏ-318, 2002-ல். நீளம் முறையே 37.57, 44.51, 33.84, 31.44 மீட்டர். உடலின் குறுக்களவு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

எப்படி நீட்டுகிறார்கள்? விமானத்தின் உடலுக்குள் விலா எலும்பு போல வளையங்கள் இருக்கின்றன. ஃப்ரேம் என்று பெயர். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 21 அங்குலம். ஏ-320-லிருந்து சிறகுக்கு முன்னால் நாலு ஃப்ரேம், பின்னால் மூன்று ஃப்ரேம் எடுத்துவிட்டால் அது ஏ-319. மொத்தம் 3.73 மீட்டர் குறைகிறது. ஏ-321-க்குச் சிறகுக்கு முன்னால் 4.27 மீட்டர், பின்னால் 2.67 மீட்டர் சேர்த்தார்கள். 21 அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். முன்னால் எட்டு, பின்னால் ஐந்து. கணக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது!

இனி 144-ஆல் வகுப்போம். ஒரு ஃப்ரேம் இடைவெளி 3.7 மில்லிமீட்டர். ஏ-319 வேண்டுமா? முன்னால் 14.8 மி.மீ., பின்னால் 11.1 மி.மீ. அறுத்து எடு. ஏ-321 வேண்டுமா? முன்னால் 29.6, பின்னால் 18.5 மி.மீ. சேர். ஆகா, அந்தத் துண்டுக்கு எங்கே போவது? இங்கேதான் வேடிக்கை. மூன்று ஏ-320 பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஏ-319 ஆக அறுத்தால் முன்பக்கத் துண்டு நாலும் நாலும் எட்டு ஃப்ரேம். பின்பக்கத் துண்டு மூன்றும் மூன்றும் ஆறு ஃப்ரேம். ஏ-321-க்கு வேண்டியது எட்டும் ஐந்தும். ஒரே ஒரு ஃப்ரேம்தான் மிச்சம்! மூன்று நண்பர்கள், மூன்று பெட்டி, இரண்டு ஏ-319, ஒரு ஏ-321. எந்தச் செய்முறைத் தாளிலும் இது இருக்காது. கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்.

காகிதத்தில் சரியாக வரும் இந்தக் கணக்கு கையில் கொஞ்சம் உதைக்கும். ரம்பத்துக்கும் ஒரு கனம் உண்டல்லவா? ஆக்சா பிளேடு போட்டால் ஒவ்வொரு வெட்டும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரைத் தின்றுவிடும். 3.7 மி.மீ.யில் ஒரு மி.மீ. போனால் ஜன்னல் வரிசையே கோணல்! மெல்லிய ரம்பம் வேண்டும், கோட்டுக்கு எந்தப் பக்கம் அறுப்பது என்று முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும், குறைந்த இடத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து ஈடுகட்ட வேண்டும். ஃபிட்டிங் ஷாப்பில் 'அலவன்ஸ் விடுடா, அலவன்ஸ் விடுடா' என்று நம் இன்ஸ்ட்ரக்டர் தொண்டை வற்றக் கத்துவாரே, அது இதற்குத்தான்.

உருண்டையான உடலில் நேர்க்கோடு போடுவது எப்படி? மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆரம்பமும் முடிவும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் கோடு செங்குத்து. விலகினால் கோணல். அறுத்த முகத்தைக் கண்ணாடிமேல் விரித்த வாட்டர் பேப்பரில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். இணைப்புக்கு உள்பக்கம் சிறு பட்டைகள் ஒட்டினால்தான் பலம். அப்புறம் கார் பட்டறையில் பூசுகிற பட்டி, காய்ந்ததும் மறுபடி வாட்டர் பேப்பர், பிறகு பிரைமர். பிரைமர் ஒரு கோட் அடித்ததும் நாம் மறைத்துவிட்டதாக நினைத்த பள்ளமெல்லாம் பல்லிளிக்கும். மறுபடியும் முதலிலிருந்து தேய்!

நீளம் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் பாடப் புத்தகம் உயிர் பெறுகிறது.

விமானத்தைக் குறுக்கினால் வால் துடுப்பு சிறகுக்கு அருகில் வந்துவிடுகிறது. விசை இன்டு தூரம்தானே மொமென்ட்? தூரம் குறைந்தால் விசையைக் கூட்ட வேண்டும். ஆகவே துடுப்பைப் பெரிதாக்க வேண்டும். அதனால்தான் குடும்பத்திலேயே குட்டையான ஏ-318-க்கு வால் மட்டும் முக்கால் மீட்டர் அளவுக்கு உயரம் அதிகம். 1975-ல் பறந்த போயிங் 747 எஸ்.பி.யும் இதே கதைதான். சாதாரண 747-ஐவிட 14 மீட்டருக்கு மேல் குட்டை, ஆனால் வால் உயரம், பின் சிறகும் அகலம். நீளத்தை மட்டும் அறுத்துவிட்டுப் பழைய வாலையே ஒட்டி '747 எஸ்.பி.' என்று பெயர் எழுதினால், தெரிந்தவன் தூரத்திலிருந்தே சிரிப்பான்.

கதவுக்கும் காரணம் உண்டு. ஏ-320-க்குச் சிறகின் மேல் பக்கத்துக்கு இரண்டு அவசர வழி. ஏ-319-ல் ஆள் குறைவு, ஆகவே ஒன்று போதும். இன்னொன்றின் கோட்டைப் பட்டியால் அடைக்க வேண்டும். 1993-ல் வந்த ஏ-321-ல் சிறகின் மேல் வழியே கிடையாது. அதற்குப் பதில் பக்கத்துக்கு நாலு முழுக் கதவுகள். கூடிய எடையைத் தூக்க ஃபிளாப்பையும் மாற்றி, சிறகின் பின் விளிம்பைக் கொஞ்சம் நீட்டினார்கள். மாடலிலும் ஒரு மெல்லிய பட்டை ஒட்டித்தான் ஆக வேண்டும்.

போயிங் 737-ஐப் பாருங்கள். 1967-ல் பறந்தபோது அதன் இன்ஜின் சுருட்டு மாதிரி ஒல்லி. சிறகோடு ஒட்டியபடி இருக்கும். 1984-ல் வந்த 737-300-க்கு சி.எஃப்.எம்.56 என்ற பெரிய இன்ஜின் வைக்க வேண்டும். ஆனால் விமானமோ தரைக்கு மிகப் பக்கம்! என்ன செய்தார்கள்? விசிறியின் விட்டத்தை 60 அங்குலமாகக் குறைத்தார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் துணைக் கருவிகளைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். இன்ஜினைச் சிறகுக்கு முன்னால் தள்ளினார்கள். அதனால்தான் அதன் வாய் உருண்டையாக இல்லாமல் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறது. இந்தக் காரணம் தெரியாதவன் வட்டமாகச் செய்வான். தெரிந்தவன் கை தானாகவே அடியில் அரம் போடும்.

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தையல் கடையில் வேலை பார்க்கிறார், படித்தது ஐந்தாவது வரை. நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. என்ன கேட்பது என்று தெரியாது. என் ரெக்கார்டு நோட்டைத் தடவிப் பார்த்து, "எழுத்து அழகா இருக்கு" என்பார்கள். அவ்வளவுதான்.

போன வருடம் நாங்கள் மூன்று பேர் காசு சேர்த்து ஒரு ஏ-320 பெட்டி வாங்கினோம். அதை ஏ-319 ஆக்குவதற்காக ஒரு நாள் ராத்திரி வீட்டில் டேப் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, முன்னால நாலு எடுக்கிற, பின்னால மூணு எடுக்கிற. சமமா எடுத்தா என்ன?"

நான் சொன்னேன்: "வெய்ட்டோட மையம் சிறகுக்கு நேரா இருக்கணும்ப்பா. தராசு மாதிரி. முன்னாலயும் பின்னாலயும் எவ்வளவு பாரம் இருக்குன்னு பாத்துத்தான் எடுக்க முடியும்."

"அதானே பாத்தேன்" என்றார் அப்பா. "சட்டையிலகூட முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவா வெட்ட முடியாது. கழுத்து இருக்கே!"

நண்பர்களே, மூன்று வருடத்தில் என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. அதுவும் எப்பேர்ப்பட்ட கேள்வி! வைவாவில்கூட என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தியரியில் எழுதினால் எனக்கும் அவருக்கும் நடுவில் சுவர். கையில் செய்தால் அவருக்கும் அதில் இடம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கொத்தனார் பிள்ளை, தச்சர் பிள்ளை, லேத் பட்டறைத் தொழிலாளி பிள்ளை? அவர்கள் கையில் இருக்கிற அறிவை நாம் படிப்பில் கொண்டுவந்து சேர்க்கவே இல்லையே!

நம்ம ஊர் விமானம்

இந்த வருடம் இரண்டாவது பெட்டி. இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ-320 செய்தோம். ஆரஞ்சு வால், வெள்ளை உடம்பு. 1989 முதல் இந்தியாவில் பறந்த அந்த விமானங்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உலகில் மற்ற ஏ-320-களுக்கெல்லாம் பிரதான காலுக்கு இரண்டு சக்கரம். நம்முடையதற்கு மட்டும் நாலு! ஏன்? பலம் குறைந்த ஓடுபாதைகளிலும் இறங்க வேண்டும் என்று இந்தியன் ஏர்லைன்ஸ் கேட்டு வாங்கியது. பாரத்தை அதிக பரப்பில் பரப்பினால் அழுத்தம் குறையும். மணலில் ஒட்டகம் நடப்பது போல! அந்தக் கம்பெனி 2007-ல் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. அந்த நாலு சக்கர விமானங்களும் ஓய்வு பெற்றுவிட்டன.

பெட்டியில் இருந்தது இரண்டு சக்கரக் கால்தான். நாலு சக்கரத்துக்கு என்ன செய்வது? டர்னிங் ஷாப்பில் அனுமதி கேட்டு, நைலான் கம்பியை லேத்தில் பிடித்து, ஃபேசிங், டர்னிங், பார்ட்டிங் ஆஃப் என்று எட்டுச் சக்கரமும் கடைந்தோம். ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. எட்டும் ஒரே அளவாக வருவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது! மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு வைத்தோம், இல்லாவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். அங்கேயும் அதே மொமென்ட்தான்.

எதிர்க்கட்சியின் வாதங்கள்

"இது சின்னப் பசங்க விளையாட்டு" என்கிறார்கள் சிலர். மேலே சொன்ன ஆர்.எஃப்., அலவன்ஸ், மொமென்ட், அழுத்தம், ஈர்ப்பு மையம் எல்லாம் விளையாட்டு என்றால், நம் சிலபஸும் விளையாட்டுதான்!

"ரெவல்காரன் ஏ-318, 319, 320, 321 நாலையும் தனித்தனிப் பெட்டியாகவே விட்டிருக்கானே, அப்புறம் எதுக்கு அறுக்கணும்?" இது நல்ல கேள்வி. மாடல் மட்டும் வேண்டும் என்றால் அறுக்கத் தேவையில்லை, வாங்கிக்கொள்ளலாம். கன்வர்ஷனுக்கு வேண்டிய பாகங்களையே ரெசினில் வார்த்தும் 3டி பிரின்டரில் அடித்தும் இப்போது விற்கிறார்கள். ஆனால் பெட்டியில் வந்த ஏ-319-ஐ ஒட்டியவனுக்கு அது ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே வராது. அறுத்தவனுக்குத் தெரியாமல் தப்பிக்க முடியாது.

"வேலை கிடைக்குமா?" இன்டர்வியூவில் விமான மாடலைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு டிராயிங்கை நீட்டி, "இதைப் படி" என்பார்கள். ஏர்பஸ், போயிங் இரண்டும் விமான நிலையத் திட்டமிடலுக்காகத் தங்கள் விமானங்களின் அளவுப் படங்களை இலவசமாகவே வெளியிடுகின்றன. முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் எல்லாம் அதில் உண்டு. அதை வைத்து ஒரு மாடலை மாற்றியவன் கை எந்த டிராயிங்கைப் பார்த்தும் நடுங்காது.

கடைசி வாதம்தான் கனமானது. "இது பணக்காரன் பொழுதுபோக்கு." மறுக்க மாட்டேன். ஒரு பெட்டி வாங்க என் அப்பா நாலைந்து நாள் மிஷின் மிதிக்க வேண்டும். அதனால்தான் மூன்று பேர் சேர்ந்தோம். தனியாளாக வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இறுதியாண்டு பிராஜெக்ட் என்றதும் கடைக்கு ஓடுகிறோமே, அங்கே கட்டுகிற பணம் யாருடையது? பணத்தைக் கட்டினால் மாடல் தருகிறார்கள், ரிப்போர்ட் தருகிறார்கள், வைவாவில் என்ன பேச வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியும் தருகிறார்கள். வகுப்பில் தோழன் ஒருவன் வீட்டில் அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் தன் பங்கைக் கொடுத்தான். அந்த ரெடிமேட் பிராஜெக்டில் ஒரு போல்ட்டைக்கூட அவன் முறுக்கவில்லை. அந்தக் காசில் ஒரு குழு இரண்டு மூன்று பெட்டி வாங்கி, ஆறு மாதம் அளந்து, அறுத்து, கடைந்து, தேய்த்திருக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்குக் காசு விலைமதிப்பற்றது என்பதால்தான் சொல்கிறேன், அதைக் கொடுத்து வேலை கற்றுக்கொள்வோம், சான்றிதழுக்குப் பூசுகிற சாயத்தை வாங்க வேண்டாம்.

என் கோரிக்கைகள்

மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒர்க் ஷாப்பில் ஒரு மேசையும் ஒரு அலமாரியும் மாடல் வேலைக்கென்று கேட்டு வாங்குங்கள். ரம்பம், காலிப்பர், அரம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு, பேரவை நிதியில் வருடத்துக்கு மூன்று பெட்டி வாங்கி, துறைக்கு ஒன்று என்று கொடுங்கள். அந்த இரண்டு ஏ-319, ஒரு ஏ-321 கணக்கைத் துறைகள் சேர்ந்தே செய்து பார்க்கட்டும். மூன்று, கல்லூரி நாளில் கோலப்போட்டி, பாட்டுப்போட்டியோடு ஒரு கன்வர்ஷன் போட்டியும் வையுங்கள். பரிசை அழகுக்குக் கொடுக்காதீர்கள். 'இங்கே ஏன் அறுத்தாய்?' என்று கேளுங்கள். சரியான காரணம் சொல்பவருக்குக் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, முதலாண்டிலேயே ஆரம்பியுங்கள். பெட்டி கிடைக்காவிட்டால் அட்டையில் செய்யுங்கள். பி.வி.சி. பைப்பில் செய்யுங்கள். விமானம் பிடிக்கவில்லை என்றால் பஸ், ரயில் பெட்டி, பம்ப் செட் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அளவெடுங்கள், காரணம் கேளுங்கள், அறுங்கள். விரலை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

– மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை